கண்டன அறிக்கையின்ர எழுவாய் ஆர்?

கேள்வி: வாசிகசாலைச் செயலாளர் (கோண்டாவில்)

எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில 9 வருசமாச் செயலாளர். கூட்டக் குறிப்புப் புத்தகம் என்ர கையிலதான் இருக்கு. ஒரு விசயத்தில உங்கட யோசனை வேணும். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன மாதச் செயற்குழுவில தையிட்டி விகாரை சம்பந்தமா ஒரு கண்டன அறிக்கை விடுறது எண்டு முடிவெடுத்தம். காணிக்காரர் உறுதியோட நிக்க, காணி இராணுவத்தின்ர பிடியில கிடந்த காலத்தில கட்டி எழுப்பின விகாரை அது. போயா (பூரணை) நாளுகளில காணிக்காரரும் ஆதரவாளரும் எதிர்ப்புக் காட்டப் போய் நிக்கினம். நானும் ரெண்டு தரம் வெயிலுக்க நிண்டனான். அறிக்கை எழுதுறது எனக்குப் பழகின வேலை. பழசுகளை ஒருக்காப் பாத்திட்டு எழுதுவம் எண்டு புத்தகத்தை எடுத்தன்.

2019 செப்ரெம்பர். முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில, நீதிமன்றக் கட்டளையை மீறி ஒரு பிக்குவின்ர உடலை எரிச்சதுக்கு ஒரு பக்கக் கண்டனம். 2024 மார்ச். வவுனியா வெடுக்குநாறிமலையில சிவராத்திரிப் பூசையைக் குழப்பி 8 பேரைப் பிடிச்சுக்கொண்டு போனதுக்கு ஒண்டரைப் பக்கம். ரெண்டும் நான் எழுதினது. அதில ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கமாட்டன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு அஞ்சலியும் கண்டனமும் இருக்கு. 260 பேருக்கு மேல செத்த நாள் அது. அடுத்த பக்கம் மே மாதம். குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கங்களில கும்பல் கும்பலாப் போய் முஸ்லிம் கடையளையும் பள்ளிவாசல்களையும் அடிச்சு நொருக்கின மாதம். எங்கட மே மாதக் கூட்டக் குறிப்பில விளையாட்டு மைதானத்தின்ர வேலியும், வெளிநாட்டில இருந்து வந்த காசுக் கணக்கும்தான் கிடக்கு.

2020 டிசம்பர். பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை, கொரோனா எண்டு சொல்லி, தாய் தகப்பன்ர சம்மதம் இல்லாமல் எரிச்ச மாதம். கொழும்புக் கனத்தை மயானத்து வாசல் கம்பியில சனம் வெள்ளைத்துணி கட்டினது ஞாபகம் இருக்கும். எங்கட நிலையத்தில ஒரு பெடியன் எழும்பி, நாங்களும் படலையில வெள்ளைத்துணி கட்டுவம், ஒரு வரி கண்டனம் எழுதுவம் எண்டு தீர்மானம் கொண்டுவந்தவன். அதுக்கு நேர என்ர கையெழுத்தில ஒரே சொல்: ‘ஒத்திவைக்கப்பட்டது.’ அதுக்குப் பிறகு அந்தத் தீர்மானம் எந்தக் கூட்டத்திலயும் வரேல்லை. அந்தப் பெடியனும் இப்ப கூட்டத்துக்கு வாறேல்லை.

1990 ஒக்ரோபரைப் பற்றி முழுப் புத்தகத்திலயும் ஒரேயொரு வரி இருக்கு. எனக்கு முந்தி இருந்தவர் 2015இல எழுதினது: ‘யாழ். முஸ்லிம் மக்கள் இடம்பெயர்ந்து 25 ஆண்டுகள் நிறைவடைவதைச் சபை நினைவுகூர்ந்தது.’

இப்ப நான் இதை எழுதுறதுக்கு உண்மையான காரணத்துக்கு வாறன். போன மாதம் ஒரு முஸ்லிம் பெடியன் போன் திருத்திற கடை போட எங்கட சந்தியில ஒரு அறை கேட்டு வந்தவன். முற்பணக் காசு கையில கொண்டுவந்தவன். அறைக்காரர் முதல் நாள் ஓம் எண்டவர். ரெண்டாம் நாள், ‘பக்கத்தில கோயில் இருக்கு, ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம், குறை நினையாதேயும் தம்பி’ எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார். அந்த அறைக்காரர் எங்கட நிலையத்துப் பொருளாளர். தையிட்டி அறிக்கைக்கு முதல் கையெழுத்து வைக்கப்போறவரும் அவர்தான். பெடியன் காசை மடிச்சுப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டு போகேக்க நான் சைக்கிளோட அங்கதான் நிண்டனான். வாய் திறக்கேல்லை.

என்ர கேள்வி இதுதான். தையிட்டி அறிக்கையிலயே 1990ஐயும், எரிச்ச ஜனாசாக்களையும் (முஸ்லிம் ஆக்களின்ர உடல்களையும்), எங்கட சந்தியில நடந்ததையும் சேர்த்து எழுதுறதா? இல்லாட்டி தனித்தனியா எழுதுறதா? எழுதாமல் விடுறது எண்டுறது இனி என்னால ஏலாது.


பதில் 1: இளைப்பாறிய தமிழ் ரீச்சர்

தம்பி, புத்தகத்தை இன்னொருக்கா எடுத்து எழுவாயை மட்டும் தேடிக்கொண்டு வாசியுங்கோ.

நீராவியடி அறிக்கையில முதல் வரியிலயே ஆர் செய்தது எண்டு இருக்கும், நான் பாக்காமலே சொல்லுவன். வெடுக்குநாறிமலையிலயும் அப்பிடித்தான் இருக்கும். 1990க்கு வரேக்க ‘இடம்பெயர்ந்தனர்’. நான் 31 வருசம் இலக்கணம் படிப்பிச்சனான். பெயர்ந்தார் எண்டுறது தன்வினை, பெயர்த்தார் எண்டுறது பிறவினை. திருந்தினான், திருத்தினான் மாதிரி. அந்தச் சனம் தாங்களாப் பெயரேல்லை. வேற ஆக்கள் பெயர்த்தவை. ந் இருந்த இடத்தில த் வந்திருக்கவேணும். அந்த ஒரு எழுத்தை எழுத எங்களுக்கு இவ்வளவு காலமாக் கை வரேல்லை. உங்கட ‘ஒத்திவைக்கப்பட்டது’ம் அதேதான். ஒத்திவைச்சது ஆர்?

நான் என்ர வீட்டுக் கதை ஒண்டு சொல்லுறன். என்ர தகப்பனார் 1961இல, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிரான சத்தியாக்கிரகத்தில, யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில குந்தினவர். பொலிசிட்ட அடி வாங்கினவர். வீட்டில அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தவர். 1968இல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில, உள்ளுக்க போய்க் கும்பிட விடுங்கோ எண்டு ஒடுக்கப்பட்ட சனம் வந்து நிக்கேக்க, அவர் வாசலை மறிச்ச ஆக்களோட நிண்டவர். சட்டமும் அந்தச் சனத்தின்ர பக்கம் இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து 11 வருசமாப் போச்சுது. எனக்கு அப்ப பத்து வயது. ஒரு வாசலில தான் வெளியில இருந்து அடி வாங்கினதும், மற்ற வாசலில தான் உள்ளுக்க நிண்டு மறிச்சதும் அவருக்குக் கடைசி மட்டும் ஒரு விசயமாத் தெரியேல்லை. நல்ல மனுசன். அதைத்தான் என்னால இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு.

அது பழைய கதை எண்டு ஆரும் சொல்லவேண்டாம். 2018இல வரணியில ஒரு அம்மன் கோயில் தேரை மண் கிண்டுற இயந்திரம் கட்டி இழுத்தது எல்லாரும் பாத்த படம். வடம் பிடிக்க ஆள் காணாது எண்டு கோயில்காரர் சொல்லிச்சினம். சாதி பாத்துத்தான் அப்பிடிச் செய்தவை எண்டு சனம் சொல்லிச்சுது. அந்தக் கிழமை உங்கட புத்தகத்தில என்ன எழுதினனீங்கள் எண்டும் பாருங்கோ.


பதில் 2: பலாலி வீதியான்

செயலாளருக்கு வணக்கம். உங்கட மனச்சாட்சியை மதிக்கிறன். ஆனா நான் உடன்படேல்லை.

தையிட்டியில செய்யிறது அரசு. அதுக்குப் பின்னால இராணுவம், தொல்லியல் திணைக்களம், பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுக்கிற அரசியலமைப்பின்ர 9ஆம் உறுப்புரை எல்லாம் நிக்குது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலை விகாரையும் அப்பிடித்தான். உங்கட பொருளாளர் செய்தது பிழை. ஆனா அவருக்குப் பின்னால பட்டாளம் இல்லை. ரெண்டையும் ஒரு தாளில எழுதினா, ரெண்டும் ஒரே நிறை எண்டு ஆகிப்போகும். நாளைக்கு ஒரு கொழும்புப் பேப்பர், ‘தமிழரே ஒப்புக்கொள்ளுகினம், அவையளும் அப்பிடித்தான்’ எண்டு தலைப்புப் போடும். காணிக்காரருக்கு அதால ஒரு பரப்புக் காணியும் திரும்பி வராது.

1990ஐப் பற்றி 2002 ஏப்ரலில கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டிலயே புலிகளின்ர அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம், அது ஒரு அரசியல் தவறு எண்டு ஒப்புக்கொண்டவர். பிறகு பாராளுமன்றத்துக்குப் போன தமிழ்ப் பிரதிநிதிகளில சுமந்திரன் அதை இனச்சுத்திகரிப்பு எண்டே வெளிப்படையாச் சொன்னவர். பெரிய இடத்தில சொல்லியாச்சு. ஒரு வாசிகசாலை திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?


பதில் 3: குருநகரான்

நான் கத்தோலிக்கன். சின்னனாத்தான் எழுதுறன்.

2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார் திருக்கேதீச்சரத்துக்குப் போற வழியில சைவச் சனம் போட்ட அலங்கார வளைவை எங்கட ஆக்கள் பிடுங்கி எறிஞ்சவை. அந்தக் காணொளியை நான் நாலைஞ்சு தரம் பாத்தனான். நந்திக்கொடியைக் காலுக்க போட்டது எனக்கு விளங்கினது. எங்கட தேவாலயப் பங்கில ஆரும் ஒண்டும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. ‘அது மன்னார்ப் பிரச்சினை’ எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டனான்.

சரியா ஏழு கிழமை கழிச்சு உயிர்த்த ஞாயிறு. பின்னேரம் எங்கட ஒழுங்கைக்குள்ள முதலாவதா வந்து நிண்டது எங்கட பின்வளவுச் சைவ வீட்டு அம்மா. ஒரு கேத்தில் தேத்தண்ணியோட வந்தவ. அவ வளைவைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை. கேட்டிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

பலாலி வீதி அண்ணை, நிறை ஒண்டில்லை எண்டுறது சரி. ஆனா நிறை குறைஞ்சதை நாங்கள் தராசிலயே வைக்கிறேல்லையே, அதுதான் பிரச்சினை.


பதில் 4: சோனகதெரு

தம்பி செயலாளர், நான் 1990இல 11 வயதுப் பெடியன். இப்ப ஐந்துசந்திக்குக் கிட்ட இருக்கிறன். இடையில 20 வருசம் புத்தளம் தில்லையடி.

ஒக்ரோபர் 30 காலமை ஒலிபெருக்கியில அறிவிச்சது. வீட்டுக்கு ஒராள் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லிச்சினம். வாப்பா போனவர். திரும்பி வந்து ரெண்டு மணித்தியாலம் எண்டவர். உம்மா அடுப்பில வைச்ச உலையை இறக்கேல்லை, நெருப்பைத் தணிச்சுப்போட்டு வந்தவ. ரெண்டு நாளில வந்திடுவம் எண்டுதான் நினைச்சவ. போற வழியில நிப்பாட்டித் தங்கச்சியின்ர காதுத்தோட்டைக் கழட்டினவை. கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு மட்டும் விட்டவை. வடக்கு முழுக்க 70,000 பேருக்கு மேல அந்த ஒக்ரோபரில இப்பிடித்தான் வெளிக்கிட்டது. எங்கட வாப்பாவோட 18 வருசம் பாண் சாப்பிட்ட தமிழ்த் தையல்கார அண்ணை ஒழுங்கை முகப்பில நிண்டு அழுதவர். அவரை நான் குறை சொல்லமாட்டன், அண்டைக்கு வாயைத் திறந்தா அவருக்கும் என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் கேக்கிறது துவக்கு ஓய்ஞ்ச பிறகு கதைக்காத ஆக்களைப் பற்றி.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். தயவுசெய்து எங்களைத் தையிட்டிக் கடிதத்துக்க போடாதேங்கோ.

தையிட்டிக்கு நான் எதிர்ப்பா எண்டு நினையாதேங்கோ. காணி பறிபோறது என்ன எண்டு எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்னையும் கூப்பிடுங்கோ, போயாவுக்கு வந்து நிக்கிறன். ஆனா உங்கட நியாயம் பலமாத் தெரியவேணும் எண்டதுக்காக எங்கட பேரை மூண்டாம் பந்தியில கொண்டுவந்து வைச்சா, அது எங்களுக்கு எழுதினது ஆகாது. 2021 பெப்ரவரியில பொத்துவிலில இருந்து பொலிகண்டிக்கு நடந்த பேரணியில, ஜனாசா எரிப்பை நிப்பாட்டு எண்டதும் ஒரு கோரிக்கையா இருந்தது. வழி நெடுக எங்கட சனம் தண்ணியோட நிண்டது. எனக்கும் கண் கலங்கினது. பேரணி முடிஞ்ச பிறகு எங்கட தெருவுக்கு ஒரு கடிதமும் வரேல்லை.

எங்களுக்கு எழுதுறதெண்டா ஒக்ரோபர் 30க்குத் தனிய எழுதுங்கோ. தேர்தல் இல்லாத வருசத்தில எழுதுங்கோ. ரீச்சர் சொன்ன மாதிரி எழுவாயோட எழுதுங்கோ. எரிச்ச ஜனாசாக்களுக்கு 2024 யூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. காலம் பிந்தித்தான் கேட்டது. ஆனா அரசு தான் செய்ததுக்குத் தான் கேட்டது. அந்த அளவுக்காவது ஊர்ச் சங்கம் ஒண்டு செய்தா நான் அதைப் பிரேம் போட்டுச் சுவரில வைப்பன்.

எங்கட பக்கத்திலயும் இருக்கு, மறைக்கேல்லை. 1990 ஓகஸ்டில காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டிருந்த ஆக்களைப் புலிகள் சுட்டது எங்கட ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லுற கதை. அதே ஓகஸ்டில வீரமுனையில கோயிலுக்க தஞ்சமடைஞ்ச தமிழ்ச் சனத்தை வெட்டினதில முஸ்லிம் ஊர்காவல் படையினரும் நிண்டவை எண்டு அந்த ஊர்ச் சனம் இண்டைக்கும் சொல்லுது. தில்லையடி முகாமில 20 வருசம் இருந்தும் வீரமுனை எண்ட பேரை நான் ஒரு ஜும்ஆப் பிரசங்கத்திலயும் கேக்கேல்லை. நானும் எழும்பிக் கேக்கேல்லை.

சந்தியில நடந்ததுக்கு அறிக்கை வேண்டாம். பொருளாளரின்ர வீட்டுக்குப் போங்கோ.


பதில் 5: பலாலி வீதியான்

சோனகதெரு நானா (அண்ணை) எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். தனிக்கடிதம் எண்டா எனக்கு மறுப்பில்லை. ‘பெரிய இடத்தில சொல்லியாச்சு’ எண்டு நான் எழுதினதை மட்டும் திரும்ப எடுக்கிறன். அரசையும் ஊரையும் ஒரே நிறையா எழுதக்கூடாது எண்டதில இப்பவும் நிக்கிறன். போயாவுக்கு நீங்கள் வாறதெண்டால் கோண்டாவில் சந்தியில வந்து ஏத்துறன்.


கேட்டவர் திரும்ப எழுதியது: வாசிகசாலைச் செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் பொருளாளர் வீட்டுக்குப் போனனான்.

திண்ணையில இருத்தித் தேத்தண்ணி தந்தவர். தையிட்டிக் காணிக்காரரில ஒராள் அவருக்குத் தாய்வழிச் சொந்தம், அந்தக் கதையில ஒரு மணித்தியாலம் போச்சுது. பிறகு நான் அறையைப் பற்றிக் கேட்டன். ‘நான் என்ன மதவெறியனோ? கோயிலடி ஆக்கள் கதைச்சவை, அவ்வளவுதான்’ எண்டார். ஆர் கதைச்சவை எண்டு கேட்டன். கன நேரம் யோசிச்சார். ஒரு பேரும் வரேல்லை. ‘ஆரும் கதைக்கேல்லை, கதைப்பினம் எண்டு நான் நினைச்சன்’ எண்டு கடைசியாச் சொன்னார். அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை. அறை இப்ப ஒரு பலசரக்குக் கடைக்காரரிட்ட போட்டுது, முற்பணமும் வாங்கியாச்சு. பெடியன்ர நம்பரை என்னட்ட வாங்கினவர். எடுத்துக் கதைச்சாரோ தெரியேல்லை. நான் எடுத்தன். அவன் சுன்னாகத்தில இடம் பாத்திட்டான். ‘பரவாயில்லை அண்ணை’ எண்டான். அந்தச் சொல்லைக் கேக்கத்தான் கஷ்டமா இருந்தது.

ரீச்சர், நீங்கள் சொன்ன 2018 பக்கத்தைப் பாத்தனான். வரணித் தேரைப் பற்றி ஒண்டும் இல்லை. அந்த மாதம் எங்கட கோயில் திருவிழா வரவுசெலவு இருக்கு. எங்கட கோயிலில வடம் பிடிக்கிற ஒழுங்கு என்ன எண்டு நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. அதை இந்தச் செயற்குழுவில கேக்கப்போறன். அதுதான் எனக்கு எல்லாத்திலயும் பயமான விசயம், ஏனெண்டா பதில் எனக்குத் தெரியும்.

நானா, உங்கட சொல்லை ஏற்கிறன். ரெண்டு கடிதம். தையிட்டி தனிய, அரசு செய்தது அரசு செய்தது எண்டு அதில இருக்கும். மற்றது ஒக்ரோபர் 30க்கு. 2020 டிசம்பர்ப் பக்கத்தில ‘ஒத்திவைக்கப்பட்டது’ எண்டதுக்குக் கீழ, ‘ஒத்திவைத்தவர் செயலாளர்’ எண்டு இண்டைக்குத் திகதி போட்டு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். புத்தகத்தில வெட்டித் திருத்தக்கூடாது, சேர்த்து எழுதலாம் எண்டு யாப்பில இருக்கு.

ஒக்ரோபர்க் கடிதத்தின்ர முதல் பந்தியை இதில போடுறன். ரீச்சர் பிழை பாருங்கோ. நானா, உங்களுக்கு நோகிற சொல் இருந்தாச் சொல்லுங்கோ.

‘1990 ஒக்ரோபர் 30 அன்று தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை அவர்களது வீடுகளிலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் விரட்டினார்கள். அவர்களது நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. அவர்கள் முஸ்லிம்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இந்த ஊரவர்களாகிய நாங்கள் அன்று பயத்தால் பேசவில்லை. 2009இற்குப் பிறகு பேசாமல் இருந்ததற்கு எங்களிடம் பயம் என்ற காரணமும் இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்.’


பதில் 6: சோனகதெரு

நோகிற சொல் இல்லை தம்பி. ‘விரட்டினார்கள்’ எண்டது சரியான சொல். வாப்பா இருந்திருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பன்.


பதில் 7: இளைப்பாறிய தமிழ் ரீச்சர்

ரெண்டாவது வசனத்தைப் பாருங்கோ தம்பி. ‘பறிக்கப்பட்டன’ எண்டு கிடக்கு. ஆர் பறிச்சது? அதை மட்டும் மாத்துங்கோ, மற்றது சரி.